உணவுக் கட்டுப்பாட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்தவர்: வில்லியம் பேண்டிங்

நம் குடியிருப்புப் பூங்காவைச் சுற்றி மாலையில் நடப்பவர்களின் பேச்சைக் காதில் வாங்கினால் மூன்று விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் லாரி, பிள்ளைகளின் விசா, அப்புறம் டயட். ஒருவர் பேலியோவில் இருக்கிறார். இன்னொருவர் கீட்டோவை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார். மூன்றாமவர் இட்லியை நிறுத்திவிட்டு முட்டைக்கு மாறி, பழைய பேன்ட் மறுபடி போட முடிகிறது என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறார். இதெல்லாம் ஏதோ பத்து வருடமாக, வாட்ஸாப் வந்த பிறகு வந்த மோகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாவையும் சர்க்கரையையும் நிறுத்தி, சில வாரங்களுக்கு ஒருமுறை எடையைக் குறித்து வைத்து, அந்தக் கணக்கைத் தன் சொந்தச் செலவில் அச்சடித்து ஊருக்கு இலவசமாகக் கொடுத்த ஒரு பெரியவர் 160 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் இருந்திருக்கிறார். அவர் மருத்துவர் இல்லை. விஞ்ஞானியும் இல்லை. இறுதிச் சடங்குகளை ஏற்று நடத்தும் தொழில் செய்தவர். பெயர் வில்லியம் பேண்டிங். இன்று டயட் என்று நாம் சொல்வதை அந்தக் காலத்து இங்கிலாந்தில் அவர் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

பேண்டிங் பிறந்தது 1796 வாக்கில். லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அவர்கள் குடும்ப நிறுவனம் இருந்தது. நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் ஓடியாடிச் செய்கிற வேலைகளை அங்கே ஒரு நிறுவனம் பொறுப்பெடுத்துக்கொள்ளும். சவப்பெட்டி, குதிரை வண்டி, கறுப்புத் துணி, ஊர்வலத்தில் யார் முன்னால் யார் பின்னால் என்பது வரை எல்லாம் அவர்கள் ஏற்பாடு. அந்தத் தொழிலில் பேண்டிங் குடும்பம் சாதாரணப்பட்டது இல்லை, அரண்மனைக்கே அவர்கள்தான். 1820இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1830இல் நான்காம் ஜார்ஜ், 1852இல் வெலிங்டன் பிரபு (நம் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டன் இவர் பெயரில் இருப்பதுதான்), 1861 டிசம்பரில் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் என்று அந்த நூற்றாண்டின் பெரிய சாவுகள் எல்லாம் அவர்கள் கையால் நடந்தவை.

இப்படிப்பட்ட தொழிலில் ஒரு நிமிடம் தாமதிக்க முடியாது, ஒரு குதிரை தவறான இடத்தில் நிற்கக்கூடாது. பேண்டிங் இயல்பிலேயே அப்படிப்பட்ட ஆள். நேரம், ஒழுங்கு, துல்லியம் என்று ஐம்பது வருடம் ஓய்வில்லாமல் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உடல் பருத்தவர் என்றாலே சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவர் என்று எண்ணும் வழக்கம் அன்றும் இருந்தது. பேண்டிங் இரண்டும் இல்லை.

அவருடைய அப்பா வழியிலும் அம்மா வழியிலும் யாருக்கும் பருமன் கிடையாது. ஆனாலும் சிறு வயதிலிருந்தே தனக்கு அது வந்துவிடுமோ என்று ஒரு பயம் அவருக்கு இருந்ததாம். முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் அது வந்தே விட்டது. குடும்ப நண்பரான ஓர் அறுவை மருத்துவரிடம் போனார். வேலைக்குப் போகுமுன் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் அவர், அதற்குத் துடுப்பு போடுவது நல்லது என்றார். பேண்டிங்கிடம் நல்ல கனமான படகு ஒன்று இருந்தது. ஆறும் வீட்டுக்குப் பக்கம். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் துடுப்பு போட்டார். தசை வலுவானது, கூடவே பசியும் வலுவானது. பசிக்குச் சாப்பிட்டார், எடை இன்னும் ஏறியது. கடைசியில் அந்த மருத்துவரே படகை விட்டுவிடச் சொல்லிவிட்டார்.

காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு நேராக டிபன் கடைக்குப் போகிற நம்மில் சிலருக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும்.

அதற்குப் பிறகு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. கடற்காற்று, கடல் குளியல், குதிரை ஏற்றம். லெமிங்டன், செல்டன்ஹாம், ஹாரகேட் என்று தாதுநீர் ஊற்றுகள் உள்ள ஊர்களுக்கெல்லாம் போய்த் தண்ணீர் குடித்தார். காரம் கலந்த மருந்தைக் குடம் குடமாகக் குடித்தார். துருக்கியக் குளியல் என்னும் வெந்நீராவிக் குளியலை வாரத்துக்கு மூன்று வரை எடுத்து ஐம்பது முறை முடித்தார். இறங்கியது மொத்தம் 6 பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவு. உணவை வெறுமனே குறைத்துப் பார்த்ததும் உண்டு. உடம்பு தளர்ந்து, கட்டிகள் கிளம்பி, அவற்றை அறுவை செய்து ஆற்ற வேண்டி வந்ததுதான் மிச்சம். நல்ல பெயரெடுத்த ஒரு மருத்துவர், வயது ஏற ஏற எடை ஏறுவது இயற்கைதானே, எனக்கும் வருடத்துக்கு ஒரு பவுண்டு கூடிக்கொண்டுதான் வருகிறது என்ற பொருளில் சமாதானம் சொல்லி அனுப்பினார்.

1862இல், அறுபத்தைந்து வயது கடந்த நிலையில், அவர் உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 92 கிலோ. இந்த எண்ணைவிட அவர் அன்றாடம் பட்ட பாடுதான் மனதில் நிற்கிறது. குனிந்து ஷூ லேஸைக் கட்ட முடியாது. படியில் இறங்கும்போது உடல் பாரம் முழுக்க முழங்காலிலும் கணுக்காலிலும் விழுவதால், திரும்பி நின்று பின்புறமாக, மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்குவார். ஏறினால் மூச்சு வாங்கும். தொப்புள் பக்கம் குடலிறக்கம் வந்து அதற்குப் பட்டை கட்டியிருந்தார், முழங்காலுக்கும் கட்டு. பார்வை மங்கியது, காது கேட்பது குறைந்தது. இதற்கெல்லாம் மேலே ஊராரின் கேலி. தெருவில், வண்டியில், கூட்டத்தில் ஒரு பார்வை, ஒரு சிரிப்பு. நாளாக ஆக அவர் பொது இடங்களுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். மன்னர்களின் கடைசி ஊர்வலத்தை நடத்திய குடும்பத்து மனிதர், தெருவில் நடக்கக் கூசினார்.

திருப்பம் வந்தது காது வழியாக.

1862 ஆகஸ்டில் பெயர் பெற்ற ஒரு காது மருத்துவரிடம் போனார் பேண்டிங். அந்த மருத்துவர் காதைப் பார்த்தார், உள்ளே துடைத்தார், வெளியே கொப்புளம் எழுப்பும் மருந்தைப் போட்டார். வேறு என்ன தொந்தரவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நோயாளி சொல்லவும் நேரம் கொடுக்கவில்லை. (கையில் டோக்கனை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்த அனுபவம் நமக்கும் உண்டு.) நல்ல வேளையாக அந்த மருத்துவர் வருடாந்தர விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் பேண்டிங் இன்னொருவரைத் தேடினார். தன் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாக்கியமே அந்த மருத்துவர் லீவில் போனதுதான் என்று பின்னால் நினைத்துக்கொண்டார்.

அந்த இன்னொருவர்தான் சோஹோ சதுக்கத்தில் மருத்துவம் பார்த்த வில்லியம் ஹார்வி. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி இவர் இல்லை, அவர் இருநூறு ஆண்டு முந்தையவர். நம் ஹார்வி காது மருத்துவர். காதுக்குப் பதில் அவர் வந்த ஆளை முழுசாகப் பார்த்தார். தொண்டைப் பக்கம் சேர்ந்திருக்கும் கொழுப்பு காதுக்குப் போகும் குழாயை அழுத்துகிறது, பருமன் குறைந்தால் காது சரியாகும் என்பது அவர் யூகம்.

பருமனை எப்படிக் குறைப்பது என்பதற்கு அவரிடம் ஒரு புது யோசனையும் இருந்தது. அது பாரிஸில் கிடைத்தது. அங்கே கிளாட் பெர்னார் என்ற பெரிய உடலியல் அறிஞர், கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்குகிறது என்று அந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகளில் நிரூபித்திருந்தார். நீரிழிவு பற்றி அவர் கருத்துகளைக் கேட்ட ஹார்வி, இரண்டு விஷயங்களை முடிச்சுப் போட்டுப் பார்த்தார். நீரிழிவுக்காரர்களுக்கு மாவும் சர்க்கரையும் இல்லாத உணவைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது. மறுபக்கம், கால்நடைகளைக் கொழுக்க வைக்க வேண்டுமானால் மாவும் இனிப்பும் உள்ள தீனியைத்தான் போடுகிறார்கள். அப்படியானால் கொழுத்த மனிதனுக்கு அந்த இரண்டையும் நிறுத்திப் பார்த்தால் என்ன?

முழுக்கப் புதிய எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. பிரெஞ்சுக்காரரான பிரியா-சவரன், சாப்பாட்டு ரசனை பற்றி 1825இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலிலேயே மாவுப் பண்டங்களைத்தான் பருமனுக்குக் காரணமாகச் சொல்லியிருந்தார். ஆனால் அதைப் படித்து ரசித்தவர்கள் யாரும் ரொட்டியை விட்டதாகத் தெரியவில்லை.

பேண்டிங் அதுவரை என்ன சாப்பிட்டார்? காலையில் ரொட்டியும் பாலும், அல்லது நிறையப் பாலும் சர்க்கரையும் போட்ட பெரிய அளவு டீயும் வெண்ணெய் தடவிய டோஸ்டும். மதியம் மாமிசம், பீர், நிறைய ரொட்டி, மாவுப் பண்டம். மாலை டீக்குக் காலையில் சாப்பிட்டது போலவே. ராத்திரி பழ டார்ட் அல்லது மறுபடி ரொட்டியும் பாலும். பெருந்தீனி என்று சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் வசதியான வீட்டின் சாதாரணச் சாப்பாடுதான்.

ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு. இந்த ஆறையும் முடிந்தவரை விட்டுவிடச் சொன்னார் ஹார்வி. பேண்டிங் திகைத்துப் போனார். தான் உயிர் வாழ்வதற்கே அடிப்படை என்று அதுவரை நம்பிவந்த பொருள்கள் அவை. நம்மிடம் வந்து சோறு, இட்லி, தோசை, காபி, வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது மாதிரி.

அதற்குப் பதிலாக வந்த பட்டியல் இது. காலையில் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ வாட்டிய மீனோ நான்கைந்து அவுன்ஸ், பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு பெரிய கோப்பை டீ, ஒரு அவுன்ஸ் காய்ந்த டோஸ்ட். ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம், மெல்லிய ஒரு துண்டு. மதியம் மீனோ இறைச்சியோ கோழியோ ஐந்தாறு அவுன்ஸ், உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறி, மறுபடி ஒரு அவுன்ஸ் டோஸ்ட், கொஞ்சம் பழம். மாலை இரண்டு மூன்று அவுன்ஸ் பழம், ஒன்றிரண்டு ரஸ்க், வெறும் டீ. இரவு மூன்று நான்கு அவுன்ஸ் இறைச்சியோ மீனோ. கூடவே மதியம் இரண்டு மூன்று கிளாஸ் ஒயின், இரவு ஒன்றிரண்டு கிளாஸ், தேவைப்பட்டால் தூங்கப் போகுமுன் சர்க்கரை சேர்க்காத ஜின்னோ விஸ்கியோ பிராந்தியோ ஒரு டம்ளர்! பீர், ஷாம்பெய்ன், போர்ட் ஒயின் மட்டும் கூடாது. இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நம் குடியிருப்பில் யாராவது உடனே டயட் ஆரம்பித்தால் அதற்கு இந்த மடல் பொறுப்பல்ல. எடை குறைந்தது ஒயின் குடித்ததால் இல்லை, குடித்தும் குறைந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1862 ஆகஸ்ட் 26இல் 202 பவுண்டில் கணக்கு தொடங்குகிறது. செப்டம்பர் 7இல் 200. அதன் பிறகு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதியிருக்கிறார். 197, 193, 190, 187. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் 184. 1863 பிப்ரவரி 4இல் 180. ஏப்ரல் 29இல் 170. செப்டம்பர் 12இல் 156. சுமார் 71 கிலோ. ஆக, ஓராண்டுக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ இறங்கியிருந்தது. இடுப்புச் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் குறைந்தது.

வாரக் கணக்கில் பார்த்தால் 400 கிராமுக்கும் குறைவு. ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைப்போம் என்று நம் கேட்டுக்கு வெளியே மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிற விளம்பரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இன்னொன்று. அவ்வளவு குறைந்த பிறகும் அவர் உடல் நிறைக் குறியீடு 26 வருகிறது. நம் நாட்டு மருத்துவர்கள் இந்தியர்களுக்கு வைத்திருக்கும் அளவுகோலில் 25 வந்தாலே பருமன்தான். ஆனால் அவருக்கு அந்தக் குறியீடெல்லாம் எதற்கு? படியில் எல்லோரையும் போல முன்பக்கம் பார்த்து இறங்கினார். குனிந்தார். முழங்கால் கட்டைக் கழற்றி வைத்தார். காது முன்னைவிட நன்றாகக் கேட்டது.

இங்கேதான் பெரும்பாலானவர்களின் கதை முடியும். பேண்டிங்குக்கு ஒரு மனக்குறை இருந்தது. இருபது முப்பது வருடம் தான் பட்டதை இன்னும் எத்தனை பேர் பட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு எப்படிச் சொல்வது? முதலில் லான்செட் என்னும் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தார். யாரோ ஒரு சாதாரண ஆள் எழுதினால் அவர்கள் போடுவார்களா என்ற தயக்கம். 1863 ஏப்ரலில் கார்ன்ஹில் என்ற பத்திரிகையில் பருமனைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. தொல்லைகளை எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தது, தீர்வைச் சொல்லவில்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுதி வைத்தார், அனுப்பவில்லை, அதே தயக்கம். கடைசியில் தானே ஒரு சிறு பிரசுரமாக அச்சடித்துவிட்டார். பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்று தலைப்பு. 1863 மே மாதம், கென்சிங்டனில் இருந்த தன் வீட்டு முகவரியோடு. முதல் இரண்டு பதிப்புகள் இலவசம்.

மூன்றாம் பதிப்பை விலைக்கு விட வேண்டிய அளவுக்குக் கேட்பவர்கள் பெருகினார்கள். 63,000 பிரதிகள் போயின. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மொழிபெயர்த்தார்கள். அவருக்கு வந்த கடிதங்கள் ஆயிரத்தைத் தாண்டின. விற்றதில் வந்த லாபத்தை மருத்துவமனைகளுக்கும் அறநிலையங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். தன்னால் ஒரு காசு சம்பாதித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். டயட் புத்தகம், டயட் பொடி, டயட் செயலி என்று பெருந்தொழிலாகிவிட்ட இந்த நாளில் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். உலகின் முதல் பெரிய டயட் புத்தகத்தை எழுதியவர் அதிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

அடியும் நிறைய வாங்கினார். மருத்துவ உலகத்துக்குக் கோபம். மருத்துவம் படிக்காத ஒருவர் ஊருக்கு மருந்து சொல்வதா? லான்செட்டே கடுமையாக எழுதியது. சவப்பெட்டிக்காரர் உயிர் வாழ வழி சொல்கிறார் என்பது கேலிப் பத்திரிகைகளுக்குக் கிடைத்த அல்வா. வைத்தியம் சொன்ன ஹார்வியும் சக மருத்துவர்களின் ஏளனத்துக்குத் தப்பவில்லை. அதற்கான மருத்துவ விளக்கத்தை அவர் 1872இல்தான் தனி நூலாக எழுதினார். சரியாகச் சொன்னால் மருத்துவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரே ஒரு மனிதருக்குப் பலித்தது எல்லோருக்கும் பலிக்கும் என்று எப்படிச் சொல்வது? ஏன் பலித்தது என்பதற்கும் அன்று உறுதியான விளக்கம் இல்லை. இன்றைக்கும், மாவைக் குறைத்ததால் எடை இறங்குகிறதா, மாவைக் குறைக்கும்போது மொத்தச் சாப்பாடும் தானாகக் குறைந்துவிடுவதால் இறங்குகிறதா என்ற வழக்கு முழுதாகத் தீரவில்லை. பேண்டிங்கின் பட்டியலை நிதானமாகப் பார்த்தால் இரண்டுமே நடந்திருப்பது தெரியும். பீரும் சர்க்கரையும் வெண்ணெய் டோஸ்டும் போய்விட்டன. மிச்சம் இருந்ததெல்லாம் அவுன்ஸ் கணக்கில் அளந்து வந்தது.

அவர் கடைப்பிடித்ததை இப்போதைய கீட்டோ என்று சொல்வதும் சரியில்லை. தினமும் டோஸ்ட் உண்டு, ரஸ்க் உண்டு, பழம் உண்டு. வெண்ணெய் தடை. காபியில் வெண்ணெயைப் போட்டுக் குடிக்கிற இன்றைய கீட்டோக்காரரைப் பார்த்தால் ஹார்வி பதறியிருப்பார். கீட்டோ உணவு வேறு வழியில், வேறு தேவைக்கு வந்தது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக அதை முன்வைத்துப் பெயரும் வைத்தார். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றும், மருத்துவர் கண்காணிப்பில், அதைக் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கும். பேண்டிங் காலத்தில் இன்சுலினும் இல்லை, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையும் இல்லை. இன்று இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், அளவை மாற்றாமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழலாம். சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களுக்குப் புரதத்தைக் கூட்டுவதில் வேறு சிக்கல் உண்டு. நானும் அரிசியைப் பாதியாகக் குறைத்து மூன்று மாதம் இருந்து பார்த்தவன்தான். எனக்கு நான்கு கிலோ இறங்கியது, பொங்கலுக்கு இரண்டு கிலோ திரும்பி வந்தது. ஆரம்பிக்கும் முன் என் டாக்டரிடம் கேட்டேன், அவர் ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

பேண்டிங்குக்கு எடை திரும்பி வரவில்லை. பட்டியலில் சிறு சிறு மாற்றங்கள் செய்துகொண்டு அதே வழியில் இருந்தார். தடை செய்த பொருள்களை எப்போதாவது கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்து, எது எடையை ஏற்றுகிறது என்று சோதித்தும் இருக்கிறார். கொஞ்சம் சர்க்கரைதான் சீக்கிரம் காட்டிக்கொடுத்தது. 1869இல் நான்காம் பதிப்பு வந்தபோது, தனக்கு வந்த கடிதங்களிலிருந்து மற்றவர்கள் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டார்.

அவர் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. டயட்டில் இருப்பதை பேண்டிங் செய்வது என்றும், ஒரு படி மேலே போய் அந்த இங் என்ற கடைசி ஒலியை விகுதி என்று எண்ணி வெட்டிவிட்டு பேண்ட் செய்வது என்றும் ஆங்கிலத்தில் பேசினார்கள். 1972இல் அமெரிக்காவில் டாக்டர் அட்கின்ஸ் தன் புத்தகத்தைக் கொண்டுவந்தபோது அது புரட்சி என்று பேசப்பட்டது. அடிப்படை சோஹோ சதுக்கத்து யோசனைதான். தென்னாப்பிரிக்காவில் சில ஆண்டுகளுக்கு முன் பேராசிரியர் டிம் நோக்ஸ் மாவு குறைந்த உணவைப் பரப்பியபோது அதற்கு பேண்டிங் என்றே பெயர் வைத்தார்கள்.

இன்னொரு பேண்டிங்கும் உண்டு. கனடாவில் 1921இல் சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரோடு சேர்ந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆய்வில் இறங்கி, 1923இல் நோபல் பரிசு பெற்ற பிரெட்ரிக் பேண்டிங். அதற்கு முன்பு நீரிழிவு வந்த குழந்தைகளை மாவும் சர்க்கரையும் இல்லாத அரைப் பட்டினியில் வைத்து ஒன்றிரண்டு வருடம் ஆயுளை நீட்டுவதைத் தவிர மருத்துவர்களுக்கு வழி இருக்கவில்லை. அந்த பேண்டிங் நம் பேண்டிங்குக்குத் தூரத்து உறவு என்று சொல்கிறார்கள்.

வில்லியம் பேண்டிங் 1878 மார்ச் 16இல் கென்சிங்டன் வீட்டில் இறந்தார். வயது 81. குடும்பத் தொழில் அதன் பிறகும் நடந்தது. 1901இல் விக்டோரியா ராணியின் இறுதிச் சடங்கையும் அவர்கள்தான் நடத்தினார்கள். 1928இல் குடும்பத்தின் கடைசி வாரிசு ஓய்வு பெற்றதோடு அரண்மனைத் தொடர்பு முடிந்தது. இங்கிலாந்தில் இன்று அந்தப் பெயரை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் ஸ்வீடனில் ஒருவர் எடையைக் குறைக்க முயல்கிறார் என்று சொல்ல இன்றும் வழங்கும் சொல் பேண்டா. அதைச் சொல்கிறவர்களில் பலருக்கு அது லண்டனில் படியில் பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பெயர் என்று தெரியாது.